காருக்குப் போன டீ

குட்டிக்கு,

இன்னிக்கும் என் வகுப்புப் பசங்க நம்ம வீட்டை இடிச்சாங்க. பதறாதே, கண்ணுல மாட்டுற விஆர் கருவிக்குள்ளதான். நடக்க முடியாதவங்களுக்கு ஏத்தமாதிரி வீட்டை மாத்தச் சொல்லித்தர்ற தெரபி படிக்கிறவங்களுக்குப் பாடம் நடத்த ஒரு வீடு தேவைப்பட்டுச்சு, நம்ம வீட்டையே படம் பிடிச்சு ஏத்திவிட்டேன். வாசப்படியை எடுத்துட்டுச் சரிவுப் பாதை போடுவாங்க, குளியலறைக் கதவை அகலமாக்குவாங்க. வகுப்பு முடிஞ்சதும் நான் பட்டனை அமுக்கி எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடுவேன். வருஷக்கணக்கா இதே பொழப்பு. அலுத்துப்போச்சு.

இன்னிக்கு ஒரு பொண்ணு, கருவிக்குள்ள சக்கர நாற்காலியில உட்கார்ந்து நம்ம வாசல்வரைக்கும் போய்ப் பார்த்துட்டுச் சொன்னா: "மேடம், இந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு யாரும் வரணும்னு ஆசையே இல்லபோல."

பட்டனை அமுக்கக் கை வரல.

போன தடவை வந்தப்போ, உன் நாற்காலி படியேறாதுன்னு நீ காரை விட்டே இறங்கல. நான் டீயைக் கொண்டுவந்து ஜன்னல் வழியா நீட்டினேன். குடிச்சுட்டு டம்ளரைக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டே. நானும் கழுவிக் கவிழ்த்து வச்சுட்டேன்.

படியை எடுத்தா வீட்டு முகப்பே கெட்டுடும்னு உங்கப்பா இப்பவும் முனகுறார். முனகட்டும். நாளைக்குக் கொத்தனார் வர்றார்.

இனிமே உனக்கு டீ வெளியே வராது.

அம்மா