உறைந்த குவளையும் என் கருப்பு பீரும்

அன்பு மிக்க அப்பாவுக்கு, விஸ்கான்சினிலிருந்து மகள் ரோஸ்விதா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் வயிற்று வலி குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

இங்கே சின்னதாக ஒன்று நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் பக்குவத்தில் நான் முதன்முதலாகக் காய்ச்சிய கருப்பு பீரை, நான் வேலை செய்யும் மதுக்கடையின் முதலாளி ஆர்லன் உறைந்த குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்றார்கள். "இனிமே இதைக் காய்ச்ச வேணாம்மா" என்று ஆர்லன் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், நம் ஊரில் வைப்பதுபோல் அதிகம் குளிராமல் இருக்கட்டும் என்று, அவரைக் கேட்காமலே ஒரு பீப்பாயைக் குளிரறையிலிருந்து நிலவறைக்கு மாற்றினேன். மாலையில் அதிலிருந்து தபால்காரி மார்லிஸுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

"என்னடி இது, ஜில்லுனே இல்லையே, சூப்பா?" என்றவள் ஒரு வாய் குடித்தாள். "அட, ரொட்டி சுடுற வாசனை வருதே! ஏய் ஆர்லன், இதையா ஐஸ்ல போட்டுக் கொன்னே?"

ஆர்லனும் குடித்து முகத்தைச் சுளித்தார். "எனக்கு பீர்னா பல்லு கூசுற அளவுக்கு ஜில்லுனு இருக்கணும். உங்களுக்குப் பிடிச்சிருந்தா அவ காய்ச்சட்டும், போ" என்றார். அடுத்த பீப்பாய் காய்ச்ச நேற்றே பார்லி மால்ட் வந்துவிட்டது அப்பா!

நம் வீட்டு மேசை விரிப்பு ஒன்றை அனுப்புங்கள், துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சாப்பிடுகிறேன்.

ஆர்லன் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். நம் ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்: போன வாரம் வெயில் தாங்காமல், பல் கூசும் அவருடைய பீரை நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் ரோஸ்விதா