எல்லாம் வந்துவிட்டது

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். எனக்குச் சளி விட்டுவிட்டது. உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

புது வீட்டுக்குச் சாமானெல்லாம் பத்திரமாக வந்துவிட்டது என்று போனில் சொன்னீர்கள். இங்கே ஆபீசில் எனக்கும் வீடு மாற்றுகிற மாதிரி வேலைதான். எந்தத் தகவல் எதோடு சேரும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்த படங்களைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றினேன். ஒரு கட்டமோ கோடோ குறையவில்லை. எது எங்கே இருந்தது என்பது மட்டும் வரவில்லை. அத்தனை கட்டங்களும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலாளர், "அதான் எல்லாம் வந்துடுச்சே, அப்புறம் என்னம்மா?" என்றார். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. நீங்கள் பாத்திரம் அடுக்குவதுபோல ஒவ்வொன்றாக இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன வேலை. பீரோ, தையல் மெஷின், பாப்பாவின் மேஜை எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். கண்ணை மூடினால் இன்னும் பழைய வீட்டில்தான் நடக்கிறேன்.

மேலாளர் கூப்பிடுகிறார். கட்டிலில் நான் படுக்கிற பக்கம் இப்போது சுவரா, ஜன்னலா? அதையும் மறக்காமல் போடுங்கள்.

அவசரத்தில்,
பாப்பாவின் அம்மா