திரைக்கு ஒரு பழைய புடவை

பிப்ரவரி 28, 1957. வியாழன்

மாசியிலேயே இந்த வெயில். தாலுகா ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பம், பெண்கள் ஓட்டுச்சாவடி, பொறுப்பு நான். பள்ளிக்கூடத்தில் ஐந்து டீச்சர் இருக்க, மீன்வாடை எனக்குத்தான் விழுந்தது என்று மங்களம் டீச்சருக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

இவர் பேப்பரை மடித்துக்கொண்டே: "பாரு, ஒரு நாட்டுல தேர்தலே வேண்டாம், தலைவர் ஒருத்தரே போதும்னு ஜனங்களே கூடிக் கைதட்டியிருக்காங்க. இங்கேயும் அப்படி ஒருத்தன் வந்தாத்தான் உருப்படும்." பேசுகிறவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. தாசில்தார் இருமினால் எழுந்து நிற்பவர்.

ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை. மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம்.

மார்ச் 3, ஞாயிறு

எடுத்துக்கொண்டது: இரண்டு பெட்டி (ஒன்றில் படகுப் படம், ஒன்றில் தராசு), ஓட்டுச் சீட்டுக்கட்டு, அரக்கு, மை, புளிசாதம். திரைக்கு வரவேண்டிய கோணித்துணி வரவில்லை. கேட்டால், "எப்படியாவது சமாளிங்கம்மா." என்னுடைய பழைய கத்தரிப்பூ நிறப் புடவையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

பஸ், பிறகு கால்வாயைத் தாண்டப் படகு, பிறகு மணலில் நடை. செருப்பு அறுந்தது.

குப்பத்தில் தண்ணீர் கொடுத்தவள் கன்னியம்மா. மீன்கூடைக்காரி, புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. விஷயம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. படகுச் சின்னத்தில் நிற்பவர் கேளம்பாக்கம் பக்கத்து உப்பள முதலாளி. போன வாரம் ஒலிபெருக்கி கட்டிப் பேசினாராம். "கிணறு நான் வெட்டறேன், கோயில் நான் கட்டறேன். இந்த ஒரு தபா எனக்குப் போடுங்க, அப்புறம் ஓட்டே வேணாம், நான் பாத்துக்கறேன்." ஊர் மணலில் கூடி முடிவு செய்துவிட்டது. எல்லாச் சீட்டும் படகுக்கு. கன்னியம்மா மட்டும் எழுந்து, "அப்புறம் ஓட்டே வேணாம்னா, கெணறு வெட்டலன்னா ஆரைக் கேக்கறது?" என்றாளாம்.

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"தராசுல ஒரு சீட்டு வியுந்தாலும் அது நாந்தானாம். தள்ளி வச்சிருவாங்களாம். மீனும் குடுக்க மாட்டாங்க, நெருப்பும் குடுக்க மாட்டாங்க."

அவள் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டது. சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து கடல்காற்று. புடவையைக் கயிற்றில் கட்டித் திரையாக்கினேன். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வேண்டிய படம் ஒட்டிய பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் வந்தவள் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "பாத்துக்கோங்க, படகுலதான் போடறேன்" என்று வெளியே காட்டினாள். அடுத்தவளும் அப்படியே. புருஷன் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நிற்பவள்தான் சொல்ல வேண்டும். அதில் நான் குறை சொல்ல முடியாது. இந்த நோட்டில்கூட நான் 'இவர்' என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஊர்த் தலைவர் வந்தார், நாட்டார் என்பார்கள். வயசாளி, மரியாதை தெரிந்தவர். திரையை அவிழ்க்கச் சொன்னார். "வலையில பட்ட மீன எல்லார் கண்ணு முன்னாலதான் பங்கு வைக்கறோம். மறைச்சுப் பண்ணா அது திருட்டு. இங்க மறைக்க இன்னா கீது டீச்சரம்மா?" அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் மறைவு என்றால் திருட்டுதான். சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தும் விட்டார்.

கோபமா பயமா, இப்போதும் தெரியவில்லை. புடவையை மறுபடி கட்டினேன். இரட்டை முடிச்சு.

"அம்மன்கிட்ட நீங்க வேண்டிக்கிறதை ஊரைக் கூட்டி வச்சா வேண்டிக்கிறீங்க, நாட்டாரே? திரை இல்லேன்னா நான் அரக்கு வச்சுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன். ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் திரையைத் தூக்க யாரையும் நான் விடவில்லை. பகல் சாப்பாடு இல்லை, புளிசாதம் ஊசிவிட்டது. கன்னியம்மா உள்ளே போனாள், வந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, புதன்

எண்ணிக்கை. இவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல்: "முதலாளி ஜெயிச்சாச்சு. ஆனா உன் குப்பத்துத் தராசுப் பெட்டியில பதினொரு சீட்டு இருந்ததே. அவர் ஏஜெண்டு மூஞ்சியைப் பாக்கணும்."

பதினொன்று. கேட்டதும் சந்தோஷம். உடனே கன்னியம்மா நினைவு. ஊர் என்ன செய்ததோ. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ட்யூட்டி முடிஞ்சாச்சு, இன்னும் என்ன?" என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

குப்பம். கன்னியம்மா கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து அவளுக்கு நெருப்பும் வந்துகொண்டிருந்தது. உயிர் வந்தது எனக்கு.

"தள்ளி வைக்கலியா?"

"ஒருத்தின்னா தள்ளலாம். பதினோரு வூட்ட ஆரு தள்றது? எந்த வூடுன்னும் தெரியல. நாட்டாரு வாயே தொறக்கல."

"உன் தைரியம்தான் எல்லாருக்கும் வந்திருக்கு" என்றேன்.

கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "நானு பயந்துகினு படகுலதான் போட்டேன், டீச்சரம்மா" என்றாள். அழுதாள். நானும்தான்.

அப்படியானால் அந்தப் பதினொரு பேர் யார்? வழியில் எதிரே வந்தவளையெல்லாம் முகம் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். தெரியக் கூடாது என்றுதானே திரை கட்டினேன்.

கால்வாய்க் கரையில் நாட்டார் பெண்சாதி. தலைக்கூடையை இறக்காமலே சொல்லிவிட்டுப் போனாள்: "அந்தப் பொடவையக் கியிச்சுப் போட்றாத. அடுத்த தபாவும் வோணும்."

வந்ததும் புடவையை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன்.