ஆயுத பூஜையில் அணைந்த பெட்டி

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

போதும். இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று கணினிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் மதிவாணன் எழுதியிருக்கிறான்: "வீட்டு சர்வருக்கு ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வச்சா போதும் பிரதர்ஸ். பேக்கப்லாம் தேவையே இல்ல." கீழே வரிசையாகக் கைதட்டல். பாசிர் கூடாங் ஆலையில் என்னிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் இவன். மூன்று வருடத்துக்கு முன் ஆட்குறைப்பு வந்தபோது நான் வெளியே போனேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

ரெய்டு என்பது ஒரே சங்கதியை இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதுவது. ஒன்று செத்தால் மற்றது ஓடும், அவ்வளவுதான். தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழிந்துபோகும். இது பேக்கப்பா?

எழுதப் போகிறேன். வீட்டில் யூனிக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள். என் முழுப் பெயரோடு. மதிவாணன் படிக்கட்டும். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பிரேமளா எட்டிப் பார்த்தாள். "ஃபோன அப்படி முறைக்கிறீங்க. மதிவாணனா?" எப்படித்தான் தெரிகிறதோ இவளுக்கு.

17 செப்டம்பர், புதன்

குறிப்பு: எல்லாவற்றையும் ரூட் அதிகாரத்தில், எதையும் தடுக்காத அந்த முழு அதிகாரத்தில், செய்யாதே. அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, எண்டரை அழுத்துமுன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முறை வாய்விட்டுப் படி.

குறிப்பு: இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதே. ஒன்றாகப் பிறந்தவை ஏறக்குறைய ஒன்றாகவே சாகும்.

குறிப்பு: ஒரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். தீ, திருட்டு, வெள்ளம் எதுவும் இரண்டு ஊருக்கு ஒரே நாளில் வராது.

இந்தக் கடைசிக் குறிப்பை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. என் வேற்றூர் நகல் பத்து பாகாட் நகரில், என் மைத்துனர், பிரேமளாவின் அண்ணன் சிறீகாந்தன் வீட்டில் இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டுமோ? அங்கே நான் வைத்த பெட்டி இங்கிருப்பதை இணையம் வழியாகத் தானே நகலெடுத்து, தினமும் "நகல் முடிந்தது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அவர் வீட்டை மாடி எடுத்துக் கட்டிய கிரகப்பிரவேசத்தில் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்த அதே மாதம் அந்த மின்னஞ்சல் நின்றுபோனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வேறென்ன?

வேலை போன புதிது அப்போது. வந்தவர்களிடம் என்னை எப்படி அறிமுகப்படுத்தினார்? "என்ட மச்சான். கம்ப்யூட்டர் ரிப்பேர்." இருபது வருடத்துக்கு மேல் ஓர் ஆலையின் சர்வர்களைத் தூங்கவிடாமல் காத்தவன், ரிப்பேர்! அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, ரெங்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன் வேறு எப்படித் தெரிவான்? அன்றோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. பிரேமளா மட்டும் பஸ் ஏறிப் போய் வருகிறாள்.

24 செப்டம்பர், புதன்

ஒன்றும் எழுதவில்லை. பிரேமளா வரவேற்பறையில் பாடம் பதிவு செய்துகொண்டிருந்தாள், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு. வியர்க்க வியர்க்கக் கவிதை சொல்கிறாள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் எங்கள் சர்வரில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது. சர்வருக்கு அதன் இருப்பே தெரியவில்லை. பரவாயில்லை, மற்றது ஓடுகிறது. புதிதுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

அந்தப் பெட்டியில் இருப்பது முக்கால்வாசி அவளுடைய உழைப்பு. பள்ளியில் தமிழ் இலக்கியம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்காக ஐந்து வருடமாகப் பதிவு செய்த எஸ்பிஎம் பொதுத்தேர்வுப் பாடங்கள். கம்பத்துக் கிராமங்களிலும் தோட்டத்திலும் இருக்கும் பிள்ளைகள் லிங்கைத் தட்டினால் எங்கள் வீட்டுப் பெட்டி பாடம் சொல்லும். இணையத்தில் எங்காவது ஏற்றிவிடலாமே என்றாள் ஒருமுறை. அடுத்தவன் கம்ப்யூட்டரில் நம் பொருள் எதற்கு என்று நான்தான் மறுத்தேன். நவம்பரில் தேர்வு.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

காலையில் புது டிஸ்கைப் பொருத்தினேன். பழையதிலிருந்து புதியதுக்கு எல்லாம் நகலாகி முடிய நாள் முழுக்க ஆகும். அதுவரை உயிரோடு இருப்பது ஒரே ஒரு டிஸ்க்தான். புதியதைப் பொருத்துமுன் அதிலிருந்து வெளியே ஒரு நகல் எடுத்துவைத்திருக்க வேண்டும். எனக்கே தெரியும். அவசரம்.

பொரி, கடலை வாங்க மாசாய் கடைத்தெருவுக்குப் போனேன். நெரிசல். திரும்பி வந்தபோது பூஜை ஏறக்குறைய முடிந்திருந்தது. அவள் புத்தகங்கள், பேனாக்கள், என் ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் சாமி முன்னால். நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகையோடு சர்வர். சர்வரின் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை.

"நல்ல நேரம் போயிடும்னு நானே எடுத்து வச்சிட்டேன். வருஷா வருஷம் நீங்க ஆஃப் பண்ணித் தருவீங்கல்ல, அதே மாதிரி சுவிட்ச தட்டினேன். அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்ல?"

நகல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்ற நினைப்பு.

உடனே எடுத்துப் பிளக்கைச் சொருகினேன். பழைய டிஸ்க் சுழலவில்லை. டிக், டிக், டிக். வயதான டிஸ்க், சூடாக ஓடிக் குளிர்ந்தால், ஏதாவது ஒரு முறை எழுந்திருக்க மறுக்கும். ஆலையில் நாலைந்து பார்த்திருக்கிறேன். புதியதில் பாதிதான் ஏறியிருக்கிறது. பாதி நகல் நகலே இல்லை.

கத்திவிட்டேன். "அஞ்சு வருஷத்த பூ வச்சு அணைச்சிட்ட" — ஐயோ, இதையா சொன்னேன்? பூஜை அன்றைக்கா?

அவள் சர்வரின் மேலிருந்த மல்லிகையை மட்டும் மெதுவாக எடுத்தாள்.

2 அக்டோபர், வியாழன்

லோஷினி என்ற மாணவி குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். "டீச்சர், லிங்க் ஓப்பன் ஆகல லா. நாடகப் பாடம் நான் இன்னும் பாக்கவே இல்ல டீச்சர், செத்தேன்." பிரேமளா அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு கேமராவைத் துடைத்து முக்காலியில் பொருத்தினாள்.

"மொதல்லேர்ந்து எடுக்குறேன். எத்தன முடியுதோ அத்தன."

ஒரு மாதத்தில் ஐந்து வருடமா? அவளுக்குத் தொண்டை இப்போதே கட்டியிருக்கிறது.

இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

"அண்ணா வீட்ல ஒரு பெட்டி வச்சீங்களே," என்றாள் இன்று.

"அது போயி மூணு வருஷம் ஆச்சு."

"போச்சுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. மின்னஞ்சல் நின்றது, நானே முடிவு கட்டிக்கொண்டேன். இங்கிருந்து ஒரு வரிக் கட்டளை தட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தட்டவில்லை. கோபம். இப்போது தட்டவும் வழியில்லை: இணையம் வழியாக அந்தப் பெட்டிக்குள் நுழையும் சாவிக் கோப்பு செத்த டிஸ்கில் இருக்கிறது. (குறிப்பு: சாவியின் ஒரு நகல் வெளியே இருக்கட்டும்.) நேரில் போனால்தான் உண்டு.

"நான் அண்ணாகிட்ட பேசுறேன். நீங்க கார மட்டும் ஓட்டுங்க. வாயத் திறக்க வேணாம்."

சரி என்றேன். மதிவாணன் வீட்டுக்குக்கூடப் போயிருப்பேன், அவள் அப்படிக் கேட்டிருந்தால்.

4 அக்டோபர், சனி. பத்து பாகாட்

சிறீகாந்தன் கேட்டைத் திறந்துகொண்டே, "வாரும், வாரும். இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்றார். குத்தலா, இயல்பா? அவரிடம் என்றைக்குமே பிரிக்க முடியாது.

"பெட்டி..." என்று இழுத்தேன்.

"அதுக்கென்ன, மேல கிடக்கு. வெள்ளம் வரேக்க கீழ இருந்தது. அரிசிக்கு முந்தி அதைத்தான் மாடிக்குத் தூக்கினனான். ஒருத்தரையும் தொட விடேல்லை. பச்சை லைட் எரியுது, எல்லாம் சுகம்தான் எண்டு இருந்திட்டன். ஏன், சுகமில்லையோ?"

பிடுங்கவே இல்லை. சுவிட்சின் மேல் ஒட்டுநாடா, அதன் மேல் சிவப்பு மையில் "தொடாதே".

அவருடைய தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தேன். கடைசி நகல்: செப்டம்பர் 30. பூஜைக்கு முந்தைய நாள். ஐந்து வருடமும் வரிசையாக நிற்கிறது. பிரேமளா ஒன்றைத் திறந்தாள். திரையில் வியர்த்த முகத்தோடு அவளே கவிதை சொன்னாள். அவள் அழ, அண்ணன் பதறிப்போய், "என்ன பிள்ளை, அழிஞ்சு போச்சோ?" என்றார்.

அப்படியானால் மின்னஞ்சல் ஏன் நின்றது? பார்த்தேன். சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா? அறிக்கையை ஆலை கொடுத்த என் முகவரிக்கு அனுப்பும்படி எழுதி வைத்திருந்தேன். வேலை போனது, முகவரியை மூடிவிட்டார்கள். அதே மாதம்தான் கிரகப்பிரவேசம். இந்தப் பெட்டி மூன்று வருடமாக, தினம் தவறாமல், இல்லாத ஒருவனுக்கு "முடிந்தது, முடிந்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவரிடம் சொன்னேன், நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்று. அவருக்கு விளங்கவில்லை. "நானேன் பிடுங்கிறன்? தங்கச்சியின்ட சாமானெல்லோ?"

சாப்பிடும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "இவர் என்ட மச்சான். கம்ப்யூட்டர் ரிப்பேர்." எரிச்சல் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாயில் இடியப்பம். பிரேமளா மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

5 அக்டோபர், ஞாயிறு

அண்ணன் வீட்டுப் பெட்டியிலிருந்து முதலில் தனியாக ஒரு நகல் எடுத்தேன். அதிலிருந்துதான் இங்கே ஏற்றுகிறேன். மிச்சமிருக்கும் ஒரே நகலில் கைவைக்காதே, இதுவும் குறிப்பு.

லிங்க் வேலை செய்கிறது. லோஷினி நாடகப் பாடத்தைப் பார்த்துவிட்டாளாம்.

"நான் அணைச்சதாலதானே?" என்றாள் பிரேமளா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"கரண்ட் போயிருந்தாலும் அது செத்திருக்கும். நான் வெளிய ஒரு நகல் எடுக்கல. நகல் ஓடுதுன்னு உன்கிட்ட சொல்லல."

"அது தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. அடுப்பில் முறுக்கு. அண்ணனும் அண்ணியும் காலையில் வருகிறார்கள், நான்தான் கூப்பிட்டேன்.

குறிப்புகளை முடித்துவிட்டேன். மதிவாணனைப் பற்றிய பத்திகளை எடுத்துவிட்டேன். அவனை மன்னித்தாயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டுரை நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். முதல் குறிப்பாக வைத்திருப்பது இது: நகல் நடக்கிறதா என்பதை மின்னஞ்சலைக் கொண்டு முடிவு செய்யாதே. மாதம் ஒரு முறை ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார். இரண்டாவது: டிஸ்க் மாற்றும் நாளில் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்.

பூஜைக் கதை இல்லாமல் அந்த இரண்டாவது குறிப்பு நிற்காது. அதையும் எழுதியிருக்கிறேன்.

பிரேமளா மாவுக் கையோடு வந்து முழுவதையும் படித்தாள். "நல்லாருக்கு. பேர் போட்டுப் போடுங்க. இத்தன வருஷம் அதுக்குத்தானே காத்திருந்தீங்க?"

"போட்டா யாரோட பொண்டாட்டி சுவிட்ச தட்டினதுன்னு குரூப்புக்கே தெரிஞ்சிடும். மதிவாணன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்லா. எனக்கென்ன?"

அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது. குழுவில் பதியாமல் ஒரு பொது வலைத்தளத்தில் பதிகிறேன். ஊர் பேரை எடுத்துவிட்டேன். என் பேரையும்.