எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்

அன்பு மகள் டோவேவுக்கு அம்மா எழுதுவது, ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், வெலிங்டனில் உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நல்ல சேதி இவ்வளவுதான்.

நம் மேற்கு வயலில் முதல் காற்றாலைக்கு அனுமதி வந்துவிட்டது, லோரென்ஸ் சித்தப்பா வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர். போன இலையுதிர் காலத்தில் வரைபடங்களை ஊராட்சி ஆபீசில் பார்வைக்கு வைத்தபோது ஊரில் பாதிப் பேர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள், பாதிக்கப்படும் உன் சித்தப்பா மட்டும் எழுதவில்லை. நான் கேட்டதற்குச் சிரித்தார். "எதுக்கு அண்ணி சண்டை? கட்டுறவனே நம்ம வீட்டை விலைக்கு எடுத்துக்கணும், பேப்பர்லயே போட்டிருக்கு" என்றார். டேனிஷ் பேசும் நம் வீடுகளுக்கு வருவது டேனிஷ் பேப்பர், அதில் இருப்பது டென்மார்க் சட்டம், நாம் இருப்பதோ ஜெர்மனியில். பிறந்ததிலிருந்து அந்தப் பேப்பரையே படித்து, அந்தப் பள்ளியிலேயே படித்து, அந்தக் கோயிலிலேயே ஜெபித்தவருக்கு எல்லை நினைவில் இல்லை. மாரிட் சித்தி முதுகுவலியையும் பார்க்காமல் பாத்திரத்தையெல்லாம் தாளில் சுற்றி வைத்துவிட்டாள், ஃப்ளென்ஸ்பர்க் டவுனில் மாடிப்படி இல்லாத வீடும் பார்த்தாயிற்று. ஜனவரியில் ஆபீசில் போய் நின்றபோது அங்கிருந்த பெண், "ஐயா, அது அந்தப் பக்கத்து சட்டம். இங்க எழுதிக் கொடுத்திருக்கணும், நாள் போயிடுச்சே" என்றாளாம்.

நான் நூலகத்தில் உட்கார்ந்து என் நோட்டில் ஒவ்வொரு நாடாக எழுதிப் பார்த்தேன். டென்மார்க்கில் பக்கத்தில் குடியிருப்பவர் வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், ஹாலந்தில் ஊர்க்காரருக்கும் பங்கு தரப் பார்க்கிறார்கள், இங்கே நிலம் வைத்திருப்பவருக்கு வாடகை, ஊராட்சிக்குக் கொஞ்சம், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சத்தமும் நிழலும். காற்று எல்லா ஊரிலும் ஒன்றுதான், டோவே.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும். தம்பி தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறான் என்று அப்பாவுக்கு அப்போதே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் கேட்டானா? கேட்டா சொல்லியிருப்பேன்" என்று சொல்லி ரொட்டியில் வெண்ணெய் தடவினார். நானும் அப்போதே நூலகத்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. சித்தப்பா இப்போது கோயிலில் வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்.

இரண்டாவது காற்றாலை உன் பங்கு நிலத்தில் வரவேண்டுமாம், அங்கிருந்து அவர் சமையலறை ஜன்னல் நானூற்றைம்பது மீட்டர். அதற்கான ஒப்பந்தத்தை அப்பா இதோடு வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன், நிலம் உன்னுடையது. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் அப்பா பெயருக்குக் கீழே என் கையெழுத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது. அதில் நான் எழுதவில்லை, அப்பா இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் பத்துக்குள் பதில் போடு, காற்றில் தலையை மூடிக்கொள். ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக.

உன் அம்மா,
இங்கர்