அம்மாவின் காலடிச் சத்தம்

மார்ச் 4
புதுப் படம் வந்திருக்கிறது. ஒரே வீடு, ஒரு அம்மா, ஒரு மகள். முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதே இல்லை. ஆக, படம் முழுக்க என் வேலைதான். கதவு, கரண்டி, காலடி என்று திரையைப் பார்த்துப் பார்த்து எல்லாச் சத்தத்தையும் ஸ்டுடியோவில் நான்தான் உண்டாக்க வேண்டும். நல்ல ஆளைப் பிடித்தார்கள். நானும் அம்மாவும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

மார்ச் 6
படத்தில், மகளின் அறைக்கு வெளியே அம்மா வந்து நிற்கிறாள். தட்டாமல் திரும்பிப் போகிறாள். என் அம்மா எப்படி நடப்பாளோ அப்படியே நடந்தேன், குதிகால் தரையில் இடிக்க இடிக்க. டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார். "என்னங்க, சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு? அவ மன்னிப்புக் கேக்க வர்றா."
மன்னிப்புக் கேட்க வருகிறவள் எப்படி நடப்பாள்? நான் எங்கே பார்த்தேன்?

மார்ச் 7
பதினொரு தடவை நடந்தாயிற்று. ஒன்றும் தேறவில்லை.

மார்ச் 9
அம்மா வீட்டுக்குப் போனேன். விவாகரத்தெல்லாம் வேண்டாம், அனுசரித்துப் போ என்று என் கணவர் பக்கமே பேசியவளின் வீட்டுக்கு. வேலைக்காக மட்டும்தான் என்று வழி நெடுக எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கதவு திறக்க அவ்வளவு நேரம். சுவரைப் பிடித்து ஒரு கால், அதன்பின் இழுத்துக்கொண்டு இன்னொரு கால். மூட்டு தேய்ந்துவிட்டதாம். எப்போதிலிருந்து? ஏன் சொல்லவில்லை? எப்படிச் சொல்வாள், நான் போனை எடுத்தால்தானே.
ஸ்டுடியோவுக்கு வந்து நாலு அடி நடந்து தர வேண்டும் என்று, வந்த விஷயத்தைச் சொன்னேன்.
"ஓ. என் நடை வேணும். நான் வேணாம்."
எனக்கு அழுகையாக வந்தது. அடக்கிக்கொண்டேன். பாழாய்ப்போன வீம்பு, எங்கிருந்து வந்தது என்று கேட்கவா வேண்டும்?
கிளம்பும்போது, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 12
ஸ்டுடியோவில் நிறுத்தி வைத்திருக்கும் வெறும் கதவு. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மைக்கோடு நான். "நாலு அடி நடந்து வந்து நில்லுங்கம்மா, அப்புறம் திரும்பிப் போயிடுங்க" என்றார் டைரக்டர்.
இழுத்து இழுத்து வந்தாள். நின்றாள். மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் போகவில்லை. தட்டினாள்.
"அம்மா, படத்துல அவங்க தட்ட மாட்டாங்க" என்றார்.
"அது அவ இஷ்டம். உள்ள இருக்கிறது என் மக."
மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

மார்ச் 14
அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை. என் வீட்டு மாற்றுச் சாவியைக் கேட்காமலே எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.