ஓதும்போது விடுபட்ட ஒட்டகம்

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீயும் மச்சானும் அப்படியே இருக்க உம்மா துஆ செய்கிறார்கள். உம்மாவின் வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டதால் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நடுநடுவே என் பேச்சும் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே என்பதை முதலில் எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

அக்கா, போன வியாழக்கிழமை ஒட்டகம் வரவில்லை. உம்மா துணி தேய்த்துக்கொண்டே குர்ஆனின் அஷ்ஷுஅரா அத்தியாயத்தைப் பார்க்காமல் ஓதுவார்கள் இல்லையா, நான் பக்கத்தில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மேடுதோறும் கட்டடம் கட்டிய ஆது கூட்டத்தாரின் கதை முடிந்தது, "உம் இறைவன் யாவரையும் மிகைத்தவன், கருணையாளன்" என்ற முடிப்பும் வந்தது, அடுத்து ஸாலிஹ் நபியும் தண்ணீரை முறை வைத்துக் குடித்த ஒட்டகமும் வர வேண்டும், உம்மா நேரே லூத் நபிக்குப் போய்விட்டார்கள். அதில் வரும் ஏழு நபிமார் கதைக்கும் அதே முடிப்புதான், மனப்பாடமாக ஓதுகிற யாருக்கும் அந்த இடத்தில் கால் இடறும், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமையும் அதே இடத்தில் அதே தாவல். அன்றைக்குத்தான் பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டு எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்றார்கள், கருகும் வாசம் வந்து பதறி எடுக்கும்போதுதான் கையில் பட்டது.

எல்லாம் ஒரே கதைதானே, நபி வருவார், ஜனங்கள் கேட்க மாட்டார்கள், அழிவார்கள், ஒன்று குறைந்தால் என்ன என்று முன்பு நீ கேட்பாய். நானும் அப்படி நினைத்துச் சும்மா இருக்கப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை அந்த இடம் வந்ததும் "ஸமூது" என்று ஸாலிஹ் நபியின் கூட்டத்தார் பேரை மட்டும் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்த உம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்கள். "தெரியும்டி. கதவெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எந்த ரூமுக்குள்ள போகணும்னு தெரியாம நிக்கிறேன். ஒரு மாசமா இப்படித்தான். உங்க அக்காவுக்கு மறைக்காம எழுது" என்றார்கள். உன் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். "ஆரம்பத்தையே பாக்கச் சொல்லு அவள. ஜனங்க நம்பலையேன்னு துக்கத்துல உயிரையே விட்டுடுவீங்களோன்னு இறைவன் நம்ம நபிகிட்ட கேட்டுட்டுதான் கதையே வருது. மனசு ஒடைஞ்சவங்களுக்கு ஆறுதல் ஒரு தடவ சொன்னா போதுமா? தொடக்கத்துல ஒண்ணு, கதைக்கு ஒண்ணு, எட்டு தடவ அதே முடிப்பச் சொல்லிட்டு, கடைசியில அந்த மிகைத்தவன், கருணையாளன் மேலயே பாரத்தைப் போடுங்கன்னு வந்து நிக்குது. நடுவுல ஒண்ண உருவிட்டா ஆறுதல்ல ஒண்ணு கொறஞ்சுதான் போச்சு." இவ்வளவையும் தடுமாறாமல் சொன்னவர்கள், "நாளைக்கு உன்னையும் இப்படித் தாண்டிப் போயிடுவேனோ" என்று கேட்டார்கள். நான் மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தேன்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "உங்க அக்கா வரட்டும், நீ கவுண்டர்ல வாயத் திறக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரிய மூடிடுவாங்க" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பு பயத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் இருவருக்கும் உடல் சுகத்தையும் மன நிம்மதியையும் இறைவன் தரட்டும் என்று உம்மா சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது உம்மா தேடுகிற வார்த்தையை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதே, கொஞ்சம் பொறு.

இப்படிக்கு,
உன் உம்மா
(கையெழுத்து தங்கையுடையது)

கவரை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். மத்தியானம் தனியாகப் போய், கவுண்டரில் உம்மா பேரைச் சொல்லி, நாள் வாங்கி வந்தேன். செவ்வாய், காலை பத்து மணி.